மண்டையைத் திறந்தால் மனசு அடங்குமா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களுக்கும் பிள்ளையார் படங்களுக்கும் நடுவே ஒரு காணொளி வந்து விழுந்தது. பல வருடங்களாக ஓசிடியால் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்துகொண்டே இருக்க வைக்கும் மனநோய்) வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த ஒரு வெளிநாட்டுக்காரர், மூளைக்குள் மின்கம்பி வைத்த பிறகு கடற்கரையில் நடந்து போகிறார். பின்னணியில் வயலின். அனுப்பியது சித்தி. அடியில் ஒரே வரி: "இத நம்ம தம்பிக்குப் பண்ண முடியுமான்னு கேட்டுச் சொல்லும்மா."

வீட்டில் எதையும் தோண்டித் துருவிப் படிக்கிறவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. தொழில் கணக்கெழுதுவது, மருத்துவம் அல்ல. ஆனாலும் "பார்க்கலாம் சித்தி" என்று மழுப்ப மனம் வரவில்லை. சித்தி 'தம்பி' என்றது தன் மகனை, எனக்கு அவர் அண்ணன். படித்தேன், அண்ணனின் மருத்துவரிடம் கேட்டேன், அண்ணனிடமும் பேசினேன். இதை எழுதச் சொன்னவர் அண்ணன்தான். தன் பெயரும் வேலை பார்த்த இடமும் வரக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

ஓசிடி என்றதும் பலருக்குக் கை கழுவிக்கொண்டே இருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். இல்லாவிட்டால் மேசை மேல் பேனாவை நேராக அடுக்குகிறவர். "எனக்கும் கொஞ்சம் ஓசிடி இருக்குப்பா" என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் நம்மைப் போலத்தான் கை கழுவுவார். அவருடைய அறை குப்பையாகத்தான் கிடக்கும். அவருக்கு வந்தது வேறு மாதிரி.

அண்ணன் சிங்கப்பூரில் லாரி ஓட்டினார். ஜூரோங்கிலிருந்து சாங்கிப் பக்கம் சரக்கு கொண்டுபோகும் வேலை. ஒருமுறை தீவு விரைவுச்சாலையில் சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. சாலையில் இருந்த மேடாகத்தான் இருக்கும். ஆனால், 'யார் மேலயாவது ஏத்திட்டோமோ?' என்று ஒரு எண்ணம். நமக்கும் வரக்கூடிய எண்ணம்தான். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்போம், ஒன்றுமில்லை என்று தெரியும், போய்க்கொண்டே இருப்போம். அண்ணனால் போக முடியவில்லை. அடுத்த வெளிவழியில் இறங்கி, சுற்றி வந்து, அதே இடத்தைப் பார்த்தார். பார்த்ததும் நிம்மதி. கொஞ்ச தூரம் போனதும், 'சரியாப் பார்த்தேனா? ஓரத்துப் புல்லுல விழுந்து கிடந்தா?' மறுபடியும் சுற்று.

இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு மழை நாள், இரவு நேரம், மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தால் என்று விரிந்துகொண்டே போனது. வீட்டுக்கு வந்ததும் ஒலி 96.8 செய்தியில் விபத்து ஏதாவது சொல்கிறார்களா என்று காத்திருப்பார். மறுநாள் தமிழ் முரசை வரி விடாமல் படிப்பார். பன்மாடிக் கார்நிறுத்தத்தில் டார்ச் அடித்து டயரில் ரத்தம் தேடுவார். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, வேலை போயிற்று.

லாரியை விட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். எண்ணம் லாரியிலிருந்து இறங்கி அவரோடு நடந்து வந்தது. எம்ஆர்டி ரயில் மேடையில் நின்றால், முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டுவிடுவோமோ என்று. இங்கே எம்ஆர்டி நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன, யாரும் யாரையும் தண்டவாளத்தில் தள்ள முடியாது. அண்ணனுக்கு அது தெரியாதா என்ன? தெரிவது ஒரு பக்கம், அடங்காதது இன்னொரு பக்கம். கடைசியில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கைகளைப் பைக்குள் விட்டு நின்றார். அப்புறம் எம்ஆர்டியும் இல்லை. வீட்டில் கத்தி, கத்தரிக்கோலை எல்லாம் சித்தி அலமாரியில் பூட்டி வைத்தார், அண்ணன் கெஞ்சிக் கேட்டதால்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர்களே இதைக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட எண்ணம் வரும் ஓசிடிக்காரர் ஆபத்தானவர் அல்ல. அந்த எண்ணத்தைப் பார்த்து உலகத்திலேயே அதிகம் அருவருப்படைபவர், அதிகம் நடுங்குபவர் அவர்தான். அந்த நடுக்கம்தான் நோய்.

இரவு ஆனால் கேள்வி நேரம். "அம்மா, நான் இன்னைக்கு யாரையும் ஒண்ணும் பண்ணலையே?" "இல்லப்பா." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." "இல்லப்பா, நீ யாரையும் ஒண்ணும் பண்ணல." சித்தி இதை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். கொட்டாவி வந்து தொனி மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அம்மா, விடிகாலை இரண்டு மணிக்கு, யீஷூனில் ஒரு நான்கறை வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்மாதான் காணொளியை அனுப்பினார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிங்கப்பூரில் இது அரிதான நோய் இல்லை. மனநலக் கழகம் 2016இல் நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஓசிடி வந்திருக்கிறது. அதைவிட என்னை உலுக்கியது அதே ஆய்வின் இன்னொரு எண். நோய் தொடங்கி உதவி தேடிப் போவதற்குள் ஓசிடிக்காரர்கள் கழிக்கும் காலம், இடைநிலைக் கணக்கில், 11 ஆண்டு. மனச்சோர்வுக்கு அது ஓர் ஆண்டுதான். சிகிச்சை இல்லாத ஊரில் அல்ல, பேட்டைக்குப் பேட்டை பலதுறை மருந்தகம் இருக்கும் ஊரில் 11 ஆண்டு.

எங்கள் வீட்டில் அந்த ஆண்டுகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியும். முதலில் நேர்த்திக்கடன், தைப்பூசத்துக்குப் பால்குடம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஜொகூரில் ஒருவரைப் பார்க்கப் போனார்கள். அவர் செய்வினை என்றார், தாயத்து கட்டினார், வெள்ளி கணிசமாக வாங்கினார். அண்ணன் கும்பிடப் போன இடத்திலும் எண்ணம் விடவில்லை. சன்னிதியில் நிற்கும்போது அசிங்கமான எண்ணங்கள் வர, தெய்வக் குற்றம் என்று கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மனநல மருத்துவர் என்ற பேச்சு வந்தபோது பெரியப்பா ஒருவர், "உட்பிரிட்ஜுக்கா? அங்க போனா நம்ம பிள்ளைங்களுக்கு யார் பொண்ணு குடுப்பா?" என்று கேட்டார். உட்பிரிட்ஜ் என்ற பெயர் 1993இலேயே மனநலக் கழகமாக மாறி, புவாங்கோக்கில் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. நம் வாயிலிருந்து மட்டும் போகவில்லை.

சரி, அறுவை சிகிச்சைக்கு வருகிறேன்.

மூளையை அறுத்து மனத்தைச் சரிசெய்யலாம் என்ற யோசனையின் பூர்வீகம் அசிங்கமானது. 1935இல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர், மூளையின் முன்பகுதியை மற்ற பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளைத் துண்டித்துப் பார்த்தார். முதலில் ஆல்கஹால் ஊசி, பிறகு அதற்கென்றே செய்த கருவி. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் வால்ட்டர் ஃப்ரீமன் இதை எடுத்துக்கொண்டு, 1946 முதல் கண்குழி வழியாக ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற ஒன்றைச் செருகி, சில நிமிடங்களில் முடித்து, ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார். அவர் அறுவை மருத்துவரே அல்ல. பின்னாளில் அதிபரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், ஃப்ரீமனும் அவருடைய கூட்டாளி வாட்ஸும் செய்த இந்த மூளை அறுவைக்கு (லோபாட்டமி என்று பெயர்) பிறகு அந்தப் பெண்ணால் சரியாக நடக்கவோ பேசவோ முடியவில்லை. 2005 வரை அப்படியே வாழ்ந்தார். சோவியத் ஒன்றியம் 1950இலேயே இதைத் தடை செய்துவிட்டது. மற்ற இடங்களில் 1950களில் வந்த மருந்துகள்தான் இதை ஓரங்கட்டின.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பது படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகா ஆகியோர் 1960கள், 70களில் மூளையின் ஆழத்தில் துல்லியமாக இடம் குறித்துச் சிறு புண் உண்டாக்கும் அறுவைகளைச் செய்தார்கள். நடுக்கு நோய்க்கு மட்டுமல்ல, கட்டுக்கடங்காத முரட்டுத்தனத்துக்கும் அதீதத் துறுதுறுப்புக்கும் செய்தார்கள். நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தார்கள். கனகாவைப் பற்றிப் படிக்கையில் பெருமையாகவும் இருந்தது, அந்தக் குழந்தைகளிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று சங்கடமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் என்று சொல்லலாம். சொன்னாலும் சங்கடம் போகவில்லை.

இன்று ஓசிடிக்குச் செய்வது அந்த லோபாட்டமி அல்ல. பயப்படுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது தொடுவது சில மில்லிமீட்டர் அளவுள்ள இடத்தை. ஓசிடியில் மூளையின் முன்புறத்துக்கும், ஆழத்தில் இருக்கும் காடேட், தலாமஸ் என்ற பகுதிகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்று ஓயாமல் வேலை செய்கிறது என்பது மூளைப் படங்களிலிருந்து கிடைத்த புரிதல். கதவைப் பூட்டியதும் 'ம், பூட்டியாச்சு' என்று உள்ளே ஒன்று எழுந்து அடங்க வேண்டும் அல்லவா? அந்த அடக்கம் வருவதில்லை. அந்தச் சுற்று ஓடும் நரம்பிழைக் கட்டில் ஓரிடத்தில் குறுக்கிட வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, அந்த இடத்தில் நிரந்தரமாகச் சிறு புண் உண்டாக்குவது. மண்டையில் துளையிட்டு ஊசிமுனையைச் சூடாக்கியும் செய்யலாம், துளையே இல்லாமல் காமா கத்தி மூலம் கதிர்களைக் குவித்தும் செய்யலாம். பெயர்தான் கத்தி, வெட்டு ஒன்றும் கிடையாது. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1960களின் இறுதியில் உருவாக்கியது. கதிர்முறையில் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று, சித்தி அனுப்பிய காணொளியில் இருந்தது: ஆழ்மூளைத் தூண்டல். (சுருக்கமாக டிபிஎஸ். நம் ஊரில் அப்படிச் சொன்னால் எல்லோரும் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், அதனால் நீட்டி முழக்கியே எழுதுகிறேன்.) 1.27 மி.மீ தடிமன் உள்ள கம்பிகள் மூளைக்குள் இரு பக்கமும் இறங்கும். அவற்றிலிருந்து தோலுக்கடியில் ஒரு வயர் கழுத்து வழியாகப் போய், காறை எலும்புக்குக் கீழே புதைத்த மின்கலத்தில் சேரும். 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் என்பவர் கைநடுக்கத்துக்காக இதற்கு வழி திறந்தார். பார்க்கின்சன் நோய்க்கு இந்தச் சிகிச்சை சிங்கப்பூரின் தேசிய நரம்பியல் கழகத்திலேயே நடக்கிறது. ஓசிடிக்கு 1999இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் நட்டின் என்பவரின் குழுவினர் முதன்முதலில் செய்து எழுதினார்கள், நான்கே நோயாளிகள். 2009இல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அதுவும் முழு அனுமதி அல்ல, மிகச் சிலருக்கே தேவைப்படும் கருவிகளுக்கான மனிதாபிமானச் சலுகை. போதிய சோதனை இல்லாமல் அந்தச் சலுகையைக் கொடுத்தது தவறு என்று ஜோசஃப் ஃபின்ஸ் போன்ற மருத்துவ அறவியலாளர்கள் 2011இல் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

பலன் உண்டா? உண்டு. கணக்குக்காரி என்பதால் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன்.

ஓசிடியின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் என்றொரு அளவுகோல் இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து 40 வரை. 24 முதல் கடுமை, 32 முதல் மிகக் கடுமை. பிரான்சில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் 16 நோயாளிகளுக்குக் கருவி பொருத்தி, மூன்று மாதம் மின்சாரத்தை ஓடவிட்டும் மூன்று மாதம் நிறுத்தியும் வைத்தார்கள். எப்போது ஓடுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. ஓடிய காலத்தின் முடிவில் சராசரி 19, ஓடாத காலத்தில் 28. வெறும் நம்பிக்கையால் இவ்வளவு வித்தியாசம் வராது. அதே ஆய்வில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது, இருவருக்குக் கிருமித்தொற்று வந்தது. இவ்வளவு சிறிய ஆய்வில் இது.

பின்னர் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கருவி பொருத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் 'பலன் கண்டவர்' கணக்கில் வருகிறார்கள். பலன் கண்டவர் என்றால் யார்? மதிப்பெண் 35 விழுக்காடு குறைந்தவர். 34இல் இருந்தவர் 22க்கு வந்தால் அவர் பலன் கண்டவர். ஆனால் 22 என்பது இன்னும் நடுத்தர ஓசிடி. நாளெல்லாம் சடங்கில் கழித்தவர் மாலையில் வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை. அது சின்ன விஷயமில்லை. பத்து வருடம் வீட்டைவிட்டு இறங்காதவருக்கு அந்தக் கோப்பி பெரிய விஷயம். ஆனால் வயலின் இசையோடு வரும் காணொளியைப் பார்க்கிற சித்தி நினைப்பது பூஜ்யத்தை.

பக்கவிளைவுகளில் சில விசித்திரமானவை. மின்சாரம் கொஞ்சம் கூடினால் சிலருக்கு உற்சாகம் தலைக்கேறும், தூக்கம் போகும், கண்மண் தெரியாமல் செலவு செய்வார்கள். மருத்துவர் அளவைக் குறைத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். நெதர்லாந்தில் அறுபது வயதை ஒட்டிய ஒருவருக்குக் கருவி ஓடத் தொடங்கிய பிறகு ஜானி கேஷ் என்ற அமெரிக்கப் பாடகர் மீது திடீர்ப் பித்துப் பிடித்ததை 2014இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அவருக்கு அந்தப் பாடகர் ஒரு பொருட்டே இல்லை. மின்கலம் தீர்ந்தால் பழைய இசைக்குத் திரும்பிவிடுவார், மாற்றினால் மறுபடி ஜானி கேஷ். சித்தியிடம் இதைச் சொன்னபோது, "பாட்டுதானே, கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு அப்படிச் சுலபமாகக் கடந்து போக முடியவில்லை. என் ரசனை என் கழுத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியைப் பொறுத்தது என்றால், அந்த ரசனை யாருடையது? ஆனால் அண்ணன் வேறு மாதிரி சொன்னார். "இப்ப என் தலைக்குள்ள ஓடுறது மட்டும் என்னோடதா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். சித்தியின் கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. இந்த அறுவைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விளக்கினார். மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும், ஆனால் சாரம் ஒன்றுதான். நோய் கடுமையாக ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். செரட்ரலைன், ஃப்ளூவாக்சமின் போன்ற மருந்துகளை உச்ச அளவில், ஒவ்வொன்றையும் மூன்று மாதமாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பழைய மருந்தான க்ளோமிப்ரமினையும் பார்த்திருக்க வேண்டும், துணை மருந்து சேர்த்தும் பார்த்திருக்க வேண்டும். பயத்தை நேருக்கு நேர் சந்திக்கப் பழக்கும் இஆர்பி என்ற உளவியல் சிகிச்சையைத் தேர்ந்த சிகிச்சையாளரிடம் குறைந்தது 20 அமர்வாவது முழுமையாகச் செய்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் மசியாமல் போனால்தான் அடுத்த பேச்சு.

பிறகு அண்ணனின் கோப்பைப் புரட்டினார். செரட்ரலைன் 50 மில்லிகிராமில் தொடங்கி, வயிறு சரியில்லை என்று சில வாரத்தில் நிறுத்தியிருக்கிறது. ஓசிடிக்கு அது 200 வரை போகும், பலன் தெரியவே பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். மறுபடி தொடங்கி, கொஞ்சம் தேவலை என்றதும் மறுபடி நிறுத்தம். இஆர்பி ஓரிரு அமர்வோடு கைவிடப்பட்டிருக்கிறது. மருத்துவர் மெதுவாகச் சொன்னார்: "இவருக்கு இன்னும் முதல் சிகிச்சையே முழுசா நடக்கலையே."

அத்தனை வருடத் துன்பத்துக்குப் பிறகும் அதுதான் உண்மை. துன்பத்தின் நீளத்தை நாங்கள் சிகிச்சையின் நீளம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். நம் வீடுகளில் 'எல்லாம் பார்த்தாச்சு' என்ற சொல்லுக்குள் பால்குடமும் தாயத்தும் பாதியில் விட்ட மாத்திரையும் ஒன்றாகக் கிடக்கின்றன. கடைசி வழி என்று நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வழியாகத்தான் இருக்கிறது.

இஆர்பியை ஏன் விட்டார் என்று அண்ணனிடம் கேட்டேன். "செத்துடுவேன்னு இருந்துச்சு" என்றார். அந்தச் சிகிச்சை அப்படித்தான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்தது. பயம் எதுவோ அதன் எதிரிலேயே நிற்க வேண்டும், ஆனால் பயத்தைத் தணிக்கும் சடங்கைச் செய்யக்கூடாது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், சடங்கு செய்யாமலே மெல்ல இறங்கும். இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும்வரை திரும்பத் திரும்ப. சொல்ல எளிது.

அப்புறம் இதில் இன்னொரு சங்கடம் உண்டு. இங்கேதான் அறுவை சிகிச்சை மீது குடும்பங்களுக்கு வரும் ஆசையின் அடி வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறுவையில் மாற வேண்டியது நோயாளியின் மூளை மட்டும். நாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தால் போதும். இஆர்பியில் வீட்டில் உள்ள எல்லோரும் மாற வேண்டும். சிகிச்சையாளர் அண்ணனுக்குக் கொடுத்த பயிற்சியைவிடக் கடினமான ஒன்றைச் சித்திக்குக் கொடுத்தார். இரவில் அண்ணன் "நான் யாரையும் ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டால், "இல்லப்பா" என்று சொல்லக்கூடாது. "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை மேசை மேல் வைக்க வேண்டும்.

சித்தி என்னிடம் வந்து சண்டை போட்டார். "பெத்த பிள்ள பயந்துபோய்க் கேக்குறான், தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது? அவங்களுக்கெல்லாம் பிள்ள இருக்கா இல்லையா?" நியாயமான கோபம். ஆறுதல் சொல்வதுதான் அம்மாவின் வேலை என்று இத்தனை வருடமாக நம்பியவரிடம், உங்கள் ஆறுதல்தான் அந்தச் சுற்றுக்குத் தீனி என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாக மண்டையில் துளை போடுவது சித்திக்குக் குறைவான கொடுமையாகத் தெரிந்தது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் படித்ததில் ஒன்றைச் சித்தியிடம் மறைக்காமல் சொன்னேன். ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டவர்களுக்கும் அதற்குப் பிறகு இதே பயிற்சி உண்டு. ஆம்ஸ்டர்டாம் குழுவினர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் பதற்றத்தையும் மனச்சுமையையும் முதலில் தணிக்கும். சடங்குகளை விடுவதற்குப் பலருக்கும் உளவியல் சிகிச்சை வேண்டியிருக்கிறது, அதைச் சேர்த்தபோது பலன் இன்னும் கூடியது. கம்பி வைத்தாலும் ஒரு நாள் அந்தக் கத்தரிக்கோல் மேசைக்கு வந்தாக வேண்டும்.

இதை வைத்து, அறுவையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா மருந்தும் பார்த்து, இஆர்பியில் உட்கார்ந்து அழுது, மறுபடி உட்கார்ந்து, அதற்கும் அசையாத நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரீமனின் ஊசியைக் காட்டி அவர்களைப் பயமுறுத்துவது அநியாயம். அவர்களுக்கு இந்த வழி திறந்திருக்க வேண்டும், நல்ல குழுவும் நீண்ட காலக் கண்காணிப்பும் மின்கலம் மாற்றும் செலவுக்கு ஏற்பாடும் இருக்க வேண்டும். நாளைக்கே அண்ணனுக்கு அந்த நிலை வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

ஒரு நிபந்தனையோடு. கேட்க வேண்டியவர் அவர். சென்னையில் இருக்கும் மாமா, "இங்க வாங்க, எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, சீக்கிரமா முடிச்சிடலாம்" என்று உற்சாகமாகச் சொன்னார். அங்கேயும் அப்படி முடிக்க முடியாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளி தானே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும், அதோடு மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டால் போதாது, மாமாவுக்குத் தெரிந்த ஆளும் போதாது. ரோஸ்மேரிக்காகச் சம்மதம் கொடுத்தது அவருடைய அப்பா. அந்த வரலாற்றுக்குப் பிறகு எழுதப்பட்ட சட்டங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அண்ணனிடம் நேராகவே கேட்டேன், ஒரு நாள் பிளாக்குக்குக் கீழே கோப்பிக் கடையில். "பயமா இருக்கு, ஆனா வேண்டாம்னு சொல்லல. தேவைப்பட்டா நானே கேக்குறேன். எனக்காக நீங்க யாரும் கேக்காதீங்க" என்றார். பிறகு தேநீரில் சீனி அதிகம் என்று குறைபட்டார்.

இஆர்பி மறுபடி தொடங்கியிருக்கிறது. முதலில் காத்திப்பிலிருந்து யீஷூனுக்கு ஒரே ஒரு நிலையம், சுவரை விட்டு விலகி நின்று. அது பழகியதும் பேருந்து நிறுத்தம். செங்காங்கின் எல்ஆர்டி (இலகு ரயில்) மேடை பட்டியலின் கடைசியில் இருக்கிறது, அங்கே எம்ஆர்டி போலத் தடுப்புக் கதவு இல்லை. சித்தி "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். சில இரவுகளில் முடியாமல் "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சிகிச்சையாளரிடம் தானே ஒப்புக்கொள்கிறார். செரட்ரலைன் முழு அளவில் போதிய காலம் ஓடியும் மதிப்பெண் பெரிதாக இறங்காததால், அடுத்த மாதம் க்ளோமிப்ரமினுக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன் இதயத்துக்கு ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும், வியாழக்கிழமை காலை. நானும் போகிறேன்.